பருக்குழிக்கு லேசரா, ஊசியா, அமிலமா?

எந்த மருத்துவமனையிலும் முன்பதிவு செய்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். கைபேசியின் டார்ச்சைக் காதோரமாகப் பிடித்து, கன்னத்தின் மேல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி செய்யுங்கள். பகலில் ஒரே மாதிரி தெரிந்த தழும்புகள் இப்போது மேடும் பள்ளமுமாகப் பிரிந்து நிற்கும். அடுத்து, அந்த இடத்துத் தோலை இரண்டு விரல்களால் மெல்ல இழுத்துப் பிடியுங்கள். சில பள்ளங்கள் மறைந்துவிடும். சில அசையாமல் அப்படியே இருக்கும். இன்னும் சில இடங்களில் பள்ளமே கிடையாது, பரு ஆறிய இடத்தில் தங்கிவிட்ட கருமை மட்டும்தான்.

இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இது தெரியாமல் நான் ஒன்றரை ஆண்டை இழந்தேன். என் கன்னத்தில் இருந்தவை ஊசியால் குத்தியது போன்ற ஆழமான துளைகள். நான் முதலில் போன இடத்தில் கிளைகாலிக் அமில பீல், அதாவது அமிலம் பூசித் தோலை உரிய வைக்கும் சிகிச்சை, ஆறு முறை செய்தார்கள். முகம் பளிச்சென்று ஆனது உண்மை. துளை ஒன்றுகூட ஆழம் குறையவில்லை. குறைந்திருக்கவும் முடியாது. அந்த அமிலம் மேல்தோலோடு நின்றுவிட்டது, துளையின் அடியோ அதற்கும் வெகு கீழே இருந்தது. ஏழாவது முறைக்கும் தேதி குறித்துக் கொடுத்தார்கள். நான் போகவில்லை.

அதற்குப் பிறகு படித்தும், தோல் மருத்துவர்களிடம் கேட்டும், என் முகத்திலேயே பட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. ஆனால் மருத்துவரின் எதிரே உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தோலின் ஆழமும் நிறமும்

முகத்தின் மேல்தோல் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்குக் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு அடித்தோல் இருக்கிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் அங்கேதான் இருக்கிறது. பருவின் அழற்சி அந்தக் கொலாஜனை அரித்துவிட்டால் குழி விழுகிறது. வயதும் வெயிலும் அதைச் சிறுகச் சிறுகக் கரைத்தால் சுருக்கம் விழுகிறது. வயது வந்த பிறகு ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் கொலாஜன் குறைகிறது என்பது தோல் மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இனி பார்க்கப்போகும் சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை ஒன்றே. தோலைத் திட்டமிட்டுக் காயப்படுத்தி, அது ஆறும்போது புதுக் கொலாஜனை உண்டாக்க வைப்பது. அமிலம், லேசர், ஊசி, தேய்ப்பு என்று பெயர்கள் பல. காயம் எவ்வளவு ஆழம், எவ்வளவு பரப்பு, அதில் சூடு உண்டா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். மேல்தோலோடு நின்றால் தடம் இல்லாமல் ஆறும், ஆனால் குழி நிரம்பாது. அடித்தோலின் மேல் பகுதியைத் தொட்டால் புதுக் கொலாஜன் வரும். அளவு மீறி இறங்கினால் சிகிச்சையே புதுத் தழும்பாகிவிடும். காயத்தை மூடும் புதுச் செல்கள் பெரும்பாலும் மயிர்க்கால்களிலிருந்து வருகின்றன. முகத்தில் அவை நெருக்கமாக இருப்பதால் சீக்கிரம் ஆறுகிறது. கழுத்திலும் மார்பிலும் குறைவு. முகத்துக்கு வைத்த அதே அளவைக் கழுத்துக்கும் வைப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்தது நிறம். ஆழத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு விளம்பரங்கள் இதைப் பேசுவதில்லை. 1975-இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், வெயிலில் தோல் எப்படிச் சிவக்கிறது, எப்படிக் கறுக்கிறது என்பதை வைத்து ஒரு வகைப்பாட்டை உருவாக்கினார். இன்று அதில் ஆறு வகைகள் உள்ளன. மாநிறத்தவரும் கருநிறத்தவரும் பெரும்பாலும் 4 முதல் 6 வரையிலான வகைகளில் வருவார்கள். இந்தத் தோலில் நிறமிச் செல்கள் சுறுசுறுப்பானவை. சூடு பட்டாலும் அழற்சி வந்தாலும் கருமையைக் கொட்டிவிடும். குழியைச் சரிசெய்யப் போய், குழி இருந்த இடத்தைச் சுற்றி மாதக் கணக்கில் கருந்திட்டோடு நிற்பவர்கள் நிறையப் பேர். வெள்ளைத்தோல்காரரின் முன்-பின் படத்தைக் காட்டி மாநிறத்தவரிடம் சிகிச்சையை விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்கள் நிறத்தில் உள்ளவரின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அதனால் என் கட்சி இதுதான்: கருவியின் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் குழியின் வடிவத்தைப் பாருங்கள், பிறகு தோலின் நிறத்தைப் பாருங்கள். இவை இரண்டும் தெரிந்தாலே பாதி முடிவு தானாக வந்துவிடும்.

குழியின் வடிவம்

பள்ளமான பருத் தழும்புகளை மருத்துவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். வாய் 2 மில்லிமீட்டருக்கும் குறுகி, உள்ளே கூம்பாக ஆழமாக இறங்குவது ஐஸ் பிக். சுவர் செங்குத்தாக, அம்மைத் தழும்பு போலப் பெட்டி வடிவில் இருப்பது பாக்ஸ்கார். அகலமாக, விளிம்பு தெரியாமல் அலை அலையாக இருப்பது ரோலிங். தோலை இழுத்தால் மறைவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான். ஒரே கன்னத்தில் மூன்றும் கலந்திருப்பதுதான் சாதாரணம். ஒரே கருவியால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ரோலிங் வகையில் சிக்கல் மேலே இல்லை, அடியில் இருக்கிறது. நார் போன்ற இழைகள் தோலைக் கீழிருந்து இழுத்துக் கட்டியிருக்கின்றன. மெத்தையில் நூல் போட்டு இறுக்கிய இடம் பள்ளமாக இருக்குமே, அதுபோல. மேலே எத்தனை லேசர் அடித்தாலும் அந்த நூல் அறுபடாது. அதை அறுக்கும் முறைக்கு சப்சிஷன் என்று பெயர். 1995-இல் டேவிட் ஓரென்ட்ரைக், நார்மன் ஓரென்ட்ரைக் என்ற மகனும் தந்தையும் இதை விவரித்து எழுதினார்கள். இடத்தை மரத்துப்போகச் செய்து, தோலுக்கு அடியில் ஊசியையோ மழுங்கிய முனையுள்ள குழலையோ செலுத்தி, விசிறி மடிப்பது போல முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். நார் அறுபடும்போது வலி தெரியாது, ஆனால் நறநறவென்ற மெல்லிய சத்தம் காதுக்குள் கேட்கும். முதல் முறை அதைக் கேட்டபோது நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். உள்ளே கசிந்து உறையும் சிறிதளவு இரத்தமே புதுக் கொலாஜன் வளரச் சாரக்கட்டு போல அமைகிறது. ஒன்று முதல் இரண்டு வாரம் கன்னம் கன்றியிருக்கும், வீங்கியும் இருக்கும். மழுங்கிய குழலால் செய்தால் கன்றுவது குறைவு. மேல்தோலில் சூடு படாததால் மாநிறத்தவருக்கு இது ஒரு பெரிய வசதி. ஆனால் நெற்றிப்பொட்டிலும் தாடையோரத்திலும் முகநரம்பின் கிளைகள் மேலோட்டமாக ஓடுகின்றன. கைதேர்ந்தவர் தவிர வேறு யாரிடமும் இதற்குக் கன்னத்தைக் கொடுக்காதீர்கள்.

ஐஸ் பிக் துளைக்கு வேறு வழி. 2002-இல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட கிராஸ் என்ற முறை இது. டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தை 65 முதல் 100 சதவீத அடர்த்தியில் எடுத்து, கூர்மையாகச் சீவிய மரக்குச்சியின் நுனியால் துளைக்குள் மட்டும் வைத்து அழுத்துகிறார்கள். சில நொடிகளில் துளை உப்புப் பூத்தது போல வெண்மையாகிவிடும். எரிச்சல் சுருக்கென்று வந்து ஓரிரு நிமிடத்தில் அடங்கும். மறுநாள் பழுப்புப் பொருக்கு கட்டி, ஒரு வாரத்துக்குள் உதிர்ந்துவிடும். 4 முதல் 6 வாரம் விட்டு மறுபடியும். மூன்று, நான்கு முறை செய்த பிறகே துளை மேலெழுந்து வருவது தெரியும். அமிலம் விளிம்பில் வழிந்தால் துளை அகன்றுவிடும். கருமை விழலாம், சிலருக்கு நிறமே வெளுத்தும் போகலாம். எனக்கு இரண்டாவது முறைக்குப் பிறகு நான்கு துளைகளைச் சுற்றி கருமை படிந்து மூன்று மாதம் நின்றது. இதே அமிலத்தைச் சிறு புட்டியில் வாங்கிக் காணொளி பார்த்து வீட்டில் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். 100 சதவீத அமிலம் ஒரு சொட்டு தவறி விழுந்தால் அந்தத் தழும்பு ஆயுளுக்கும் நிற்கும்.

அமிலத்துக்கும் மசியாத ஆழமான துளையை வட்ட வெட்டியால் எடுத்துவிட்டு ஒரு தையல் போடுவதும் உண்டு. பாக்ஸ்கார் வகையில் அடித்தளம் நன்றாக இருந்தால் அதை வெட்டி மேலே தூக்கிவிடுவார்கள். அகலமான பள்ளங்களில் நிரப்பு ஊசி போடுவதும் ஒரு வழிதான். நிரப்பியாகப் போடும் ஹையலுரானிக் அமிலம் சில மாதங்களில் கரைந்துவிடும். கரையாத நுண்மணிகள் கலந்த ஒரு நிரப்பியைப் பருத் தழும்புக்கென்றே அமெரிக்க மருந்து ஆணையம் 2014-இல் அனுமதித்தது. கரையாதது என்றால் பிடிக்காவிட்டாலும் கரையாது. அதை எண்ணிப் பார்த்துத்தான் நான் தள்ளிவைத்தேன்.

லேசரும் ஊசியும்

மக்கள் உண்மையில் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோலைச் சீவும் லேசர்கள் முக்கியமாக இரண்டு. கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர், எர்பியம் லேசருடையது 2,940. இரண்டும் தோலில் உள்ள நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குகின்றன. எர்பியத்தின் ஒளியை நீர் பத்து மடங்குக்கும் மேல் உறிஞ்சிக்கொள்வதால் அது மெல்லிதாகச் சீவுகிறது, சுற்றுப்புறத்துக்குச் சூடு அதிகம் பரவுவதில்லை. கார்பன் டை ஆக்சைடு சீவுவதோடு அடியையும் சூடாக்கி இறுக்குகிறது. இரத்தம் கசியாமல் மூடவும் செய்கிறது. இறுக்கம் வேண்டுமென்றால் அது மேல். கருமைக்குப் பயந்தால் எர்பியம் மேல்.

1990-களில் முகம் முழுவதையும் ஒரே மூச்சில் சீவுவார்கள். பலன் பிரமாதமாக இருந்தது. ஆனால் ஏழு முதல் பத்து நாள் முகம் முழுவதும் நீர் கசியும் புண், பிறகு மாதக் கணக்கில் சிவப்பு, சிலருக்குப் பல மாதம் கழித்துத் தாமதமாக வரும் வெளுப்பு. 2004-இல் மான்ஸ்டீன், ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் ஒரு மாற்று வழியைக் கொண்டுவந்தார்கள். தோல் முழுவதையும் தொடாமல் நுண்ணிய தூண்களாக மட்டும் ஒளியைச் செலுத்துவது. தூண்களுக்கு இடையே உள்ள நல்ல தோல் காயத்தைச் சீக்கிரம் மூடிவிடும். இன்று ஃப்ராக்ஷனல் என்று சொல்லப்படுவது இதுதான். முகத்தில் நெருக்கமான சிறு புள்ளிகளாகப் பழுப்புப் பொருக்கு கட்டும், தடவினால் உப்புத்தாள் போல இருக்கும். ஐந்து முதல் ஏழு நாளில் உதிரும். சிவப்பு சில வாரம் நீடிக்கும். மாதம் ஒரு முறை வீதம் மூன்று, நான்கு முறை தேவைப்படும். தோலைச் சீவாமல் அடியை மட்டும் சூடாக்கும் 1,550 நானோமீட்டர் வகையும் உண்டு. அதில் இரண்டு மூன்று நாள் வீக்கத்தோடு முடிந்துவிடும், பலனும் அதற்கேற்ற அளவுதான்.

மாநிறத்தவர் ஃப்ராக்ஷனல் லேசர் செய்துகொள்ளவே கூடாதா என்றால், கூடும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருமை வருவதற்கு ஒளியின் ஆற்றலைவிடப் புள்ளிகளின் நெருக்கமே பெரிய காரணம். ஆழமாகவும் இடைவெளி விட்டும் அடிப்பது, மேலோட்டமாக நெருக்கி அடிப்பதைவிடப் பாதுகாப்பு. மருத்துவரிடம் “என் தோலுக்கு அடர்த்தி எவ்வளவு வைப்பீர்கள்?” என்று கேளுங்கள். கேள்வி அவருக்குப் புரிந்து, குறைத்து வைப்பேன் என்று காரணத்தோடு சொன்னால் நம்பிக்கை வைக்கலாம். கருவியை இயக்கப்போவது வேறு ஒருவர் என்று தெரியவந்தால், நான் எழுந்து வந்துவிடுவேன்.

இனி ஊசி. மைக்ரோநீட்லிங் என்பது மிக எளிய எண்ணம். 1997-இல் இரண்டு கனடிய மருத்துவர்கள் மை இல்லாமல் பச்சை குத்தும் கருவியைத் தழும்புகளின் மேல் ஓட்டி, தழும்பு மேம்படுவதைப் பார்த்தார்கள். இன்று பேனா வடிவக் கருவியில் பன்னிரண்டோ அதற்கு மேலோ நுண்ணூசிகள் மேலும் கீழும் துடிக்கும். தழும்புக்கு 1.5 முதல் 2.5 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்குவார்கள். சிவப்பு மணிகளாக இரத்தம் அரும்பி நிற்கும், துடைத்துவிடுவார்கள். அன்று மாலை கடும் வெயிலில் நின்று வந்தது போல முகம் எரியும். இரண்டு மூன்று நாளில் சிவப்பு இறங்கிவிடும். நான்கு முதல் ஆறு முறை, மாதம் ஒன்று. இப்படிப்பட்ட பேனாக் கருவி ஒன்றுக்கு 2018-இல் அமெரிக்க ஆணையம் பருத் தழும்புக்கான அனுமதி கொடுத்தது.

இதில் சூடு இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே மாநிறத்தவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வேகத்தில் லேசருக்கு அடுத்தபடிதான். ஆழமான ஐஸ் பிக்குக்கு இது பெரிதாக உதவாது. அகலமான, மேலோட்டமான பள்ளங்களுக்கு நன்றாகக் கேட்கும். கருமை விழும் அபாயம் லேசரைவிடத் தெளிவாகக் குறைவு, விழுந்தாலும் லேசாகத்தான். எனக்கு நேரமும் பொறுமையும் இருந்தன, ஒரு வாரம் வெளியில் தலைகாட்டாமல் இருக்க வழியில்லை. அதனால் ஊசியைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு வார விடுப்பு எளிதாகக் கிடைக்கிற, வெளிர்நிறத் தோல் உள்ள ஒருவர் இதே கணக்கைப் போட்டு லேசரைத் தேர்ந்தெடுத்தால், அவர் முடிவும் சரியே.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது ரேடியோ அலை சேர்த்த ஊசி. காப்பிட்ட ஊசி மேல்தோலைச் சுடாமல் கடந்துபோய், நுனியில் மட்டும் அடித்தோலைச் சூடாக்குகிறது. குழியோடு தளர்ச்சியும் சேர்ந்திருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு இது பொருத்தம். ஆனால் ஊசி தேவைக்கு மேல் ஆழமாக இறங்கினால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு கரைந்து கன்னம் ஒட்டிப்போகும். தீக்காயமும் பதிவாகியிருக்கிறது. ஏற்கெனவே ஒடுங்கிய முகம் உள்ளவர்கள் இதைச் செய்துகொள்ளும் முன் ஆழத்தைப் பற்றி இரண்டு தடவை பேசுங்கள்.

சொந்த இரத்தத்திலிருந்து தட்டணுச் செறிவைப் பிரித்து ஊசியோடு சேர்த்துத் தடவுவதும் பரவலாக இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் பலன் தரலாம். தனியாக அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வீட்டில் உருட்டும் ஊசி உருளைகளால் குழி நிரம்பாது. 0.2, 0.3 மில்லிமீட்டர் ஊசி அவ்வளவு தூரம் போகாது. நீளமான ஊசியை வீட்டில் உருட்டினால் தொற்று. முகத்துக்குப் பூசும் சீரத்தை ஊசித் துளைகளின் மேல் தடவியதால் தோலுக்குள் கட்டிகள் உண்டானதாக மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது. மருத்துவமனையிலும் ஊசிமுனை புதியதா என்று பாருங்கள், உங்கள் கண் முன்னால் உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

சுழலும் சக்கரத்தால் தோலைத் தேய்த்தெடுக்கும் டெர்மாப்ரேஷன் 1950-களில் ஓங்கியிருந்தது. நிற மாற்றம் அதிகம், முழுக்கவும் தேய்ப்பவரின் கையை நம்பியிருப்பது. இன்று அதற்குப் போக வேண்டிய அவசியம் அரிது. படிகத்தூளால் தேய்க்கும் மைக்ரோடெர்மாப்ரேஷன் முகத்தைப் பளபளப்பாக்கும், அவ்வளவுதான். குழிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

எல்லாம் கலந்த தழும்பு உள்ளவருக்கு வரிசை முக்கியம். முதலில் அடிநாரை அறுப்பது, கூடவோ அடுத்தோ ஆழத் துளைகளுக்குக் கிராஸ், கடைசியில் முகம் முழுவதற்கும் ஊசியோ ஃப்ராக்ஷனல் லேசரோ. நான் இரண்டு முறை சப்சிஷன், நான்கு முறை கிராஸ், ஐந்து முறை ஊசி என்று போனேன். ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. பள்ளங்கள் பாதிக்கு மேல் மேலெழுந்தன. முழுவதும் போகவில்லை. முழுவதும் போகும் என்று சொல்பவரிடம் போகாதீர்கள்.

வயதின் கோடுகள்

சுருக்கத்துக்கும் இதே கதைதான், ஆனால் இங்கே பிரித்துப் பார்ப்பது எளிது. சிரிக்கும்போதும் புருவம் நெறிக்கும்போதும் மட்டும் விழும் கோடு தசையின் வேலை. அதற்குத் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசிதான் மருந்து, தோலைச் சீவிப் பயனில்லை. தாடையோரம் தொங்குவது தளர்ச்சி. அதற்கும் மேல்தோல் சிகிச்சை போதாது. முகம் அசையாமல் இருக்கும்போதும் தெரியும் நுண்கோடுகள், உதட்டுக்கு மேல் நெட்டாக ஓடும் வரிகள், வெயிலால் வந்த சொரசொரப்பும் நிறத்திட்டும், இவைதான் அமிலத்துக்கும் லேசருக்கும் உரியவை.

அமில பீல் இங்கே தன் மதிப்பைக் காட்டுகிறது. 20 முதல் 70 சதவீத கிளைகாலிக், 20 முதல் 30 சதவீத சாலிசிலிக் ஆகியவை மேலோட்டமானவை. சாலிசிலிக் எண்ணெயில் கரைவதால் மயிர்த்துளைக்குள் இறங்கும். இன்னும் பரு வந்துகொண்டிருக்கும் மாநிறத்தவருக்கு அது நல்ல தேர்வு. பரு விட்டுச்சென்ற கருமைக்கும் கேட்கும். அடுத்த படி, 35 சதவீத டிரைகுளோரோஅசிட்டிக் போன்ற நடுத்தர பீல். முகம் வெண்பூச்சு பூத்து, ஒரு வாரம் பாம்புச் சட்டை போலத் தோல் உரியும். நுண்கோடுகள் உண்மையிலேயே குறையும், கருமையின் அபாயமும் கூடும். எல்லாவற்றையும் விட ஆழமானது ஃபீனால் பீல். அது இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்பதால் இதயத்தைக் கண்காணித்துக்கொண்டேதான் செய்ய வேண்டும். நிறத்தையும் வெளுக்கச் செய்யும். மாநிறத்தவர் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஒரு குழாய்க் களிம்பு செய்வதையும் சொல்லாமல் விட முடியாது. வெயிலால் வந்த சுருக்கத்தை டிரெடினாயின் என்ற வைட்டமின் ஏ வகைக் களிம்பு குறைக்கிறது என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் 1986-இல் காட்டினார்கள். பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும், முதல் சில வாரம் தோல் வறண்டு உரியும், கர்ப்பிணிகள் தொடக்கூடாது. ஆனால் இதற்கு மயக்க மருந்தோ விடுப்போ தேவையில்லை. சன்ஸ்கிரீனைப் பற்றி ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. நான்கரை ஆண்டு தினமும் பூசியவர்களின் தோலில், விருப்பப்பட்டபோது மட்டும் பூசியவர்களைவிட முதுமைத் தடம் 24 சதவீதம் குறைவு. முப்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர் லேசரைப் பற்றி என்னிடம் கேட்டால், முதலில் இவை இரண்டையும் ஓராண்டு விடாமல் செய்துவிட்டு வாருங்கள் என்பேன். மாநிறத்தவருக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் கூடுதல் நன்மை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் தோலில் கருமையைத் தூண்டுகிறது, அதை நிறமற்ற பூச்சுகள் சரியாகத் தடுப்பதில்லை.

மங்கு உள்ளவர்கள் தனியாக நிற்க வேண்டும். கன்னத்திலும் நெற்றியிலும் படரும் அந்தப் பழுப்புத் திட்டைச் சுருக்கம் என்றோ வெயில் கருமை என்றோ எண்ணி லேசர் அடித்தால், முதல் மாதம் வெளுத்தது போலத் தோன்றி, பிறகு முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பும். சூடு அதற்குப் பகை.

யார் பொறுத்திருக்க வேண்டும்

புதுப் பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் தழும்புச் சிகிச்சையைத் தொடங்காதீர்கள். ஒரு பக்கம் குழியை நிரப்பிக்கொண்டே மறு பக்கம் புதுக் குழி விழுவதில் என்ன பயன்? கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசோடிரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவர் ஆறு மாதம் எதையும் தொடக்கூடாது என்ற பழைய கட்டுப்பாடு 2017-இல் நிபுணர் குழுக்களால் தளர்த்தப்பட்டது. மேலோட்டமான பீலுக்கும் ஊசிக்கும் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. முகம் முழுவதையும் சீவும் லேசருக்கும் டெர்மாப்ரேஷனுக்கும் மட்டும் அந்த எச்சரிக்கை நிற்கிறது. காயம் மேடாகத் தடித்து வளரும் கீலாய்டு வாகு உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருபவர்களும் அப்படியே. அந்த வைரஸ் சீவிய தோலில் முகம் முழுக்கப் பரவிவிடும். முன்கூட்டியே மாத்திரை கொடுத்தால் தடுத்துவிடலாம். சமீபத்தில் வெயிலில் கறுத்திருந்தால், அந்தக் கறுப்பு இறங்கும் வரை தள்ளிப்போடுங்கள்.

நாள் கணக்கையும் பாருங்கள். கொலாஜன் உருவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இரண்டு மாதத்தில் திருமணம் என்றால் லேசரையோ நடுத்தர பீலையோ தொடங்காதீர்கள், கருமை விழுந்தால் அது ஆறப் போதிய அவகாசம் இருக்காது. சிகிச்சையின் தொடக்கத்தில் வரும் வீக்கம் குழிகளை நிரப்பிக் காட்டும். இரண்டாம் வாரம் வீக்கம் வடிந்ததும் ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் பலர் மருத்துவரை மாற்றுகிறார்கள். ஒரே இடத்தில், ஒரே பக்க வெளிச்சத்தில் மாதம் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசி முறைக்கு நான்கு மாதம் கழித்து ஒப்பிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், காதுக்கு முன்னால் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் முதலில் சோதனை செய்து, நான்கு முதல் ஆறு வாரம் பார்த்துவிட்டு முழு முகத்துக்குப் போகச் சொல்லுங்கள். அவசரப்படுத்துகிறவர் வேண்டாம். செய்த பிறகு பொருக்கை நகத்தால் பெயர்க்காதீர்கள், வாசலின் போன்ற பசையால் ஈரமாகவே வைத்திருங்கள். எரிச்சலும் சிவப்பும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி கூடினாலோ, சீழ் தெரிந்தாலோ, நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினாலோ, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.